வாளிக்கு இரண்டு கை

ஆவி பறக்கிற இரும்பு வாளி, கைப்பிடியில் இரண்டு கைகள், ஒன்றின் மணிக்கட்டில் மச்சம், இன்னொன்றில் நகம் கடித்த விரல்கள், படி ஏற ஏற வெந்நீர் அலம்பி விளிம்பைத் தாண்டிச் சிந்துகிறது, சிந்திய இடத்தில் கருங்கல் ஒரு கணம் புகைந்து அடங்குகிறது, அந்த இரண்டு கைகளும் தன்னுடையவை அல்ல என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும், அவள் எப்போதும் போலப் பின்னால் நிற்கிறாள், அவளுக்குப் பதின்மூன்று வயது, இல்லை, நாற்பதைத் தாண்டிவிட்டது, கோத்தகிரிப் பேருந்தின் ஜன்னல் கம்பியில் நெற்றி மோதிக் கண் விழிக்கும்போது வாளி போய்விடுகிறது, புகை மட்டும் வெளியே தேயிலைமேல் மூடுபனியாகக் கிடக்கிறது. நேற்றுத் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார், உங்க மகள் விஷயமாப் பேசணும், நேர்ல வாங்க, அவ்வளவுதான் சொன்னார், என்ன விஷயம் என்று சொல்லவில்லை, சொல்லாவிட்டால் என்ன, அஞ்சுகத்துக்குத் தெரியாதா, அந்த விடுதியில் குளிர்காலப் பருவத்தில் நடக்கக்கூடியது ஒன்றுதான், என் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டார்கள், விடுவார்கள், விடுகிற ஊர்தானே அது. தாராபுரத்தில் ஏறியதிலிருந்து மேட்டுப்பாளையம் வரும்வரை அந்த அம்மாளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தை அவளுக்குப் பிடிக்காது, பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல், அது தீப்பிடித்து எரிந்தால் ஓரமாக நின்று குளிர்காய்வாள், அவ்வளவு. வாசல் வளைவில் ஒன்றாய் வளர்வோம் என்று எழுதியிருக்கிறது, அப்போதும் எழுதியிருந்தது, பெயிண்ட்தான் மாறியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் அப்பா கொண்டுவந்து சேர்த்தார், மலையில படிச்சா இங்கிலீஷ் வரும், ஒழுக்கம் வரும் என்றார், முதலில் வந்தது குளிர்தான், குழாயைத் திறந்தால் தண்ணீர் விரலை வெட்டும், அதனால் குளிர்காலப் பருவத்தில் மட்டும் குளியல் சாயங்காலம், வகுப்பு முடிந்ததும், சரிவின் அடியில் பாய்லர் ரூமில் விறகு போட்டு வெந்நீர் வைப்பார்கள், மணி அடித்ததும் பெண்கள் கீழே ஓட வேண்டும், இரண்டு பேருக்கு ஒரு வாளி, ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கல்படி ஏறிக் குளியலறைக்கு வர வேண்டும், பருவத்தின் முதல் நாள் யார் யார் சேர்ந்து பிடிக்கிறார்களோ அவர்கள்தான் பருவம் முடியும்வரை ஜோடி, வாளி ஜோடி என்று அதற்குப் பெயர், வாளி ஜோடி சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வரிசையில் பக்கத்தில் நடக்கும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வரும், ஜோடி இல்லாதவளுக்கு இதெல்லாம் கிடையாது, வாளியும் கிடையாது, எல்லாரும் மொண்டு போன பிறகு பாய்லர் அடியில் சாம்பல் வாசனையோடு வெதுவெதுப்பாக மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் குழாய். இதை எந்த டீச்சரும் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம், எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, பெண்களே வைத்துக்கொண்டது, அதனால்தான் அதை மீற ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை.

பிரிசில்லா நாசரேத்துக்காரி, முதல் பருவம் முழுக்க அஞ்சுகமும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே ஊறுகாய் பாட்டில், ஒரே சீப்பு, வாளி ஜோடியும் அவர்கள்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது, குளிர்காலப் பருவத்தின் முதல் நாள் மணி அடிக்கிறது, இரண்டு பேரும் ஓடுகிறார்கள், கைப்பிடியைப் பிடிக்கிறார்கள், பிரிசில்லா ஸ்ஸ் என்று கையை உதறுகிறாள், அவளுக்குக் குளிரில் விரல்கள் வீங்கித் தோல் வெடித்திருந்தது, மச்சம் இருக்கிற அந்தக் கை, அய்யோ பாவம் என்றிருந்தது அஞ்சுகத்துக்கு, விடு புள்ள, நீ சும்மா வா, நான் தூக்கிக்கறேன் என்று வாளியை இழுத்துத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள், தாராபுரத்தில் இடுப்பில் ஒரு குடம் கையில் ஒரு குடம் என்று தெருமுனையிலிருந்து கொண்டு வந்த உடம்பு, ஒரே மூச்சில் படி ஏறினாள், மேலே வந்து வைத்துவிட்டு, உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்ததைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தால் யாருமே பேசவில்லை, வாளி கீழே வைக்கிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கிறது, பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி சொன்னாள், தனியாத் தூக்கிட்டா. அந்த விடுதியில் தனியாகத் தூக்கினால் எனக்கு யாரும் வேண்டாம் என்று அர்த்தம், தூக்கினது தூக்கினதுதான், அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு ஜோடி இல்லை, பேச்சும் இல்லை, இதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, சமவெளியிலிருந்து வந்தவளுக்குக் கனவா வந்து சொல்லும். அக்கா கீழே திரும்பி பிரிசில்லாவைக் கேட்டாள், உன்னையக் கழட்டி விட்டுட்டாளா. பிரிசில்லா வெறுங்கையோடு படியில் நின்றாள், அவளுக்குத் தெரியும், யார் கைக்காக யார் தூக்கினாள் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாதுக்கா, அவளாத்தான் தூக்கினா என்றாள்.

மறுநாள் மச்சக் கையோடு கைப்பிடியைப் பிடித்தது நகம் கடிக்கிற சுபாஷிணி, அஞ்சுகம் பின்னால் நிற்கிறாள், இப்போதும் நிற்கிறாள், கனவில் அந்தப் படிக்கு முடிவே இல்லை, வெந்நீர் சிந்திய ஈரத்தில் வெறுங்காலை வைத்து வைத்து ஏறுகிறாள், அந்தச் சூடு போதும் என்பது போல. ஒரு நாள் துணி காயப்போடுகிற இடத்தில் பிரிசில்லாவைப் பிடித்து நிறுத்தி, ஏம்புள்ள, உனக்காகத்தானே தூக்குனேன், நீயாச்சும் சொல்லக் கூடாதா என்று கேட்டாள், பிரிசில்லா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எங்கிட்டப் பேசாதட்டி, பேசினா என்னையும் சேத்துத் தள்ளிருவாவ என்று துணிக்குப் பின்னால் போய்விட்டாள். வார்டனிடம் சொன்னால், நீதான் எல்லாரோடயும் அனுசரிச்சுப் போகணும் என்று அந்த அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே சொன்னார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குழாய்த் தண்ணீர், பல் கிட்டுகிற குளிர், குதிகால் வெடித்து ரத்தம், கோயில் வரிசையின் வாலில் தனி நடை, மேசைக் கோடியில் யாரும் நகர்த்தித் தராத குழம்புப் பாத்திரம், எட்டி எடுக்க எடுக்க அவளுக்குக் கை நீண்டது, வைராக்கியமும் நீண்டது, பருவக் கடைசியில் விளையாட்டு சார் சுவரோடு நிறுத்தி எல்லாருக்கும் உயரம் பார்த்தார், அவள்தான் எல்லாரையும்விட வளர்ந்திருந்தாள், பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது, அடடே, நல்ல வளர்ச்சி என்றார், மதிப்பெண் அட்டையிலும் அதையே போட்டு, கூட்டு வாழ்வில் ஈடுபாடு போதாது என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அப்பா அதைப் படித்துவிட்டுத் திட்டினார், எல்லாருகூடவும் பழகுடா கண்ணு, ஒத்தையா இருந்தா எப்படி.

அதே பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கிறேன் என்றபோது வீட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது, சுடுகாட்டுக்குப் போறமாதிரி பேசுவ அந்த ஊரைப் பத்தி, அங்க கொண்டுபோய்ப் புள்ளைய உடறேங்கற. அவருக்கு எப்படிப் புரியவைப்பது, எங்கே தோற்றாளோ அங்கே ஜெயித்துக் காட்ட வேண்டும், அவள் போய் ஜெயிக்க முடியாது, மகளால் முடியும், அதற்காகத்தானே நறுமுகை பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளைத் தயார்ப்படுத்தியிருக்கிறாள், மற்ற வீட்டுப் பிள்ளைகள் நரியும் காக்கையும் கேட்டுத் தூங்கும், நறுமுகை வாளிக் கதை கேட்டுத் தூங்குவாள், இன்னொருக்கா சொல்லும்மா என்று கேட்டுக் கேட்டுச் சட்டம் முழுதும் அவளுக்குப் பாடம், மணி அடிக்கறதுக்கு முன்னாலயே போய்க் கைப்பிடியப் புடிச்சுக்கோணும், புடிச்சா உடக் கூடாது, எவளுக்குக் கை வலிச்சாலும் நீ எரக்கப்படக் கூடாது, கடைசியில யாரோ ஒருத்தி தனியா நிப்பா, அது நீயா இருக்கக் கூடாது, சரியா, சரிம்மா, இருட்டில் அந்தச் சின்னக் கை அவள் கையைத் தேடிப் பிடிக்கும், அம்மா எனக்கு யாரு ஜோடி, நான்தான் சாமி உனக்கு ஜோடி, வேற யாரு.

தலைமையாசிரியையின் அறையில் ஹீட்டர் இருந்தது, அதைப் பார்த்ததுமே அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது, உட்காருங்க என்பதற்கு முன்பே உட்கார்ந்து, ஏனுங், உங்க பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நாங்க பண்ணலைங்க, நறுமுகை என்ன பண்ணினாள்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார், குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. இந்த வருஷம் புதுசா ஒரு பொண்ணு சேந்துருக்கு, தையல்நாயகின்னு பேரு, மாயவரம் பக்கம், அம்மா இல்லாத பொண்ணு, பருவம் ஆரம்பிச்ச அன்னிக்கு அது வெந்நீர் வாளியத் தனியாத் தூக்கிட்டு வந்துருச்சாம், அன்னிலேருந்து விடுதியில ஒரு பொண்ணு அதுகிட்டப் பேசறதில்ல, மேசையில பக்கத்துல உக்கார்றதில்ல, இப்ப அது சரியாச் சாப்பிடறதும் இல்ல, குதிகால் ரெண்டும் வெடிச்சு நடக்க முடியாம நடக்குது, யார் ஆரம்பிச்சதுன்னு கேட்டா எல்லாரும் உங்க பொண்ணு பேரத்தான் சொல்றாங்க. எனக்குப் புரியாதது என்னன்னா, என்று அந்த அம்மாள் தொடர்ந்தார், நான் இங்க வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்படி ஒரு வழக்கத்தக் கேள்விப்பட்டதே இல்ல, மாடியில சோலார் வெச்ச பிறகு வாளிக்கே வேலை இல்ல, மூடுபனி மாசத்துல மட்டும் பழைய பாய்லர மூட்டுவோம், யாரும் யாரோடயும் தூக்குவாங்க, தனியாவும் தூக்குவாங்க, இந்தச் சட்டம் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல.

எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள், அந்த வழக்கம் செத்துப்போயிருக்கிறது, யாரும் கொல்லாமல் தானாகவே செத்துப்போயிருக்கிறது, அவள் ஒருத்திதான் அதைக் கட்டிலோரத்தில் வைத்துக் கதையும் பாலும் ஊட்டி வளர்த்துத் திரும்ப மலைக்கு அனுப்பியிருக்கிறாள். தலைமையாசிரியை எழுந்தார், இன்னிக்குச் சாயங்காலம் மணி அடிக்கும்போது நறுமுகையே போய் அந்தப் பொண்ணோட வாளியில கை வைக்கணும், மத்ததுங்க பின்னாலயே வந்துரும், அவ அதப் பண்ணினா இத்தோட விட்டுடலாம், இல்லேன்னா உங்க பொண்ண இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருங்க, ரெண்டுல ஒன்னு வெளிய போகணும்னா அது யாரும் பேசாத அந்தப் பொண்ணா இருக்காது.

சைப்ரஸ் மரத்தடியில் நறுமுகை வந்து நிற்கிறாள், வளர்ந்திருக்கிறாள், பாவாடை ஏறவில்லை, அளவாகத்தான் இருக்கிறது, முகத்தில் மினுமினுப்பு, பின்னால் கொஞ்சம் தள்ளி நாலைந்து பெண்கள் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்தக் காட்சிக்காக இத்தனை வருடம் ஏங்கியிருக்கிறாள் அஞ்சுகம், கிடைத்தபோது அவர்கள் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். கண்ணு, அந்தப் புள்ளகூடப் போய் வாளியத் தூக்கு, இன்னிக்கு ஒருநா தூக்குனாப் போதும் என்றாள். அதெப்படிம்மா, அவ தனியாத் தூக்கிட்டா, தூக்கினது தூக்கினதுதான், நீதான சொல்லியிருக்க. அது அந்தக் காலம் கண்ணு, இப்ப இங்க அப்படியெல்லாம் இல்லியாமா. இப்ப இருக்கு, நான் சொல்லிட்டேன்ல, என்றாள் நறுமுகை, சொல்லும்போது பின்னால் நின்ற பெண்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அஞ்சுகம் குரலைத் தாழ்த்தினாள், அவளுக்கு அந்தச் சட்டம் தெரியாது சாமி, எனக்கும் அன்னிக்குத் தெரியாது, தெரியாமத் தூக்குனதுக்குத்தான் அம்மா அத்தன கஷ்டப்பட்டேன், அதத்தானே உனக்குச் சொன்னேன். அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், என்றாள் மகள், கண்ணை இமைக்கக்கூட இல்லை, எங்க ரூம்ல ஒத்தப்படை, யாரோ ஒருத்தி மிஞ்சுவா, அவ தூக்கலேன்னா நான் மிஞ்சியிருப்பேன்மா, மணி அடிக்கறப்ப எனக்குத்தான் ஜோடி இல்ல, அவ தூக்குனதும் நான் சொல்லிட்டேன், தனியாத் தூக்கிட்டா, இனி அவளுக்கு ஜோடி கெடையாதுன்னு, அவகூட நின்னவ எங்கூட வந்துட்டா. இவள் என் பிள்ளை, என்று நினைத்தாள் அஞ்சுகம், எனக்கு அன்றைக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால், என்றும் நினைத்தாள், நினைத்த வேகத்தில் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. போய்க் கை வெக்கலீன்னா உன்னைய இன்னிக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. நறுமுகை அழவில்லை, கூட்டிட்டுப் போ, ஆனா நான் போய்க் கை வெச்சா அப்புறம் என்னையும் தள்ளிருவாங்க, நான் வெக்க மாட்டேன்.

மணி அடிக்கிறது, அதே மணி, அதே ஓட்டம், கேன்வாஸ் ஷூக்கள் கல்படியில் தடதடவென்று இறங்குகின்றன, அஞ்சுகமும் இறங்குகிறாள், எதற்கு இறங்குகிறாள் என்று தெரியாமலே இறங்குகிறாள், பாய்லர் ரூமில் புகை கண்ணைக் கரிக்கிறது, வாளிகள் பிளாஸ்டிக் ஆகியிருக்கின்றன, நீலமும் சிவப்புமாக, கம்பிக் கைப்பிடி, ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள், மச்சம், நகம், மச்சம், எந்தக் கை யாருடையது என்று குழம்புகிறது, எல்லாரும் போன பிறகு ஒல்லியாக ஒரு பெண் அடியில் மிஞ்சியதை மொண்டு ஊற்றுகிறாள், அவசரமே இல்லை, அவள் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் விரல்களில் நிற்கிறாள், அப்படி நிற்கிற வித்தை அஞ்சுகத்துக்குத் தெரியும், அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளி நிறைந்ததும் அவள் குனிகிறாள், அஞ்சுகம் போய்க் கைப்பிடியில் கை வைத்தாள். பெண் நிமிர்ந்து பார்த்தாள், நீங்க யாரு என்று கேட்டாள், நறுமுகையோட அம்மா என்றதும் அந்த முகம் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. விடுங்க ஆன்ட்டி, நானே தூக்கிப்பேன். கனமா இருக்குது சாமி, ஒரு கை புடிக்கறேன். வேணாம் ஆன்ட்டி, பருவம் முழுக்க ஒரே ஜோடிதானாம், கை வெச்சா நாளைக்கும் வரணும், நீங்க சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க, அப்பறம் அதுக்கும் சேத்து என்னையத்தான் சிரிப்பாங்க. அது சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அஞ்சுகம் கையை எடுக்கவில்லை, நாளைக்கும் வருவேன் என்றாள், சொல்லிவிட்டாள், கோத்தகிரியில் லாட்ஜ் இருக்கிறதா, வீட்டுக்காரர் என்ன சொல்வார், பருவம் முடிய இன்னும் எத்தனை நாள், எதுவும் தெரியவில்லை, தையல்நாயகி அவளை நம்பாமல் பார்த்தாள், நம்பாவிட்டாலும் குளிர்கிறதே, மெல்ல மறுபக்கத்தைப் பிடித்தாள்.

படி ஏறுகிறார்கள், வெந்நீர் அலம்பி விளிம்பைத் தாண்டிச் சிந்துகிறது, சிந்திய இடத்தில் கருங்கல் புகைகிறது, கம்பி உள்ளங்கையை அறுக்கிறது, அந்தச் சிவப்புக் கோடு விழுந்த இடத்திலேயே திரும்பவும் விழுகிறது, கைப்பிடியில் இரண்டு கைகள், ஒன்று நிஜமாகவே அவளுடையது, மேலே குளியலறை வாசலில் பெண்கள் வாளிகளை வைத்துவிட்டு வரிசையாக நின்று பார்க்கிறார்கள், ஒருத்தியும் பேசவில்லை, வாளி வைக்கிற சத்தம்கூட இல்லை, அவர்களை விலக்கிக்கொண்டு நறுமுகை இறங்கி வருகிறாள், அம்மா, அத விடு, என்கிறாள், முதலில் கட்டளை போலத்தான் சொல்கிறாள், குறுகிய படி, நடுவில் வந்து நின்றுவிட்டாள், ஒதுங்கினால்தான் மேலே போக முடியும், அம்மா, எல்லாரும் பாக்கறாங்க, விடு. அஞ்சுகம் நின்றாள், பக்கத்தில் தையல்நாயகியின் மூச்சு வாங்குகிறது, அந்தப் பெண்ணின் கை கைப்பிடியில் மெதுவாகத் தளர்வது தெரிகிறது, தளர்ந்து பழகிய கை, இப்போது விட்டுவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும், அஞ்சுகம் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நறுமுகை குனிந்து கைப்பிடியைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள், நிமிர்ந்தபோது அவள் முகத்தில் மினுமினுப்பு இல்லை, அப்ப நான், என்று கேட்டாள், அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த முகம் அஞ்சுகத்துக்குத் தெரியும், வெறுங்கையோடு படியில் நிற்கிற முகம், இத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெறுத்த முகம், அதை மட்டும் தன் பிள்ளைக்கு வரவிடக் கூடாது என்றுதானே எல்லாம் செய்தாள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. வைக்கவில்லை. வெந்நீர் ததும்பி நறுமுகையின் ஷூமேல் கொட்டியது, அவள் காலை எடுக்கவில்லை, தண்ணி ஆறுது கண்ணு, வழி உடு, என்றாள் அஞ்சுகம்.